கூப்பிடு தூரத்தில் ஓர் அடுப்பு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் தெருவுக்கு வந்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். திருமங்கலத்துக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய தெரு. பெரியப்பா வீட்டுக் கணக்கை எழுதி முடித்துவிட்டு, பின்கட்டில் தகரச் சாய்ப்புக்குக் கீழே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் போனார்.

"ஆத்தா, ஒங்களுக்குச் சோறு அவுகளோடயா, தனியாவா?"

"நான் எதுக்கு அவுகளோட? என் ஒலை தனி ஒலை."

வாத்தியார் புதிதாக ஒரு குடும்ப எண் போட்டார். ஒரு நபர் குடும்பம், பெண், கணவர் இல்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

நடப்பு வேறு மாதிரி இருந்தது. காலையில் முன்கட்டிலிருந்து காப்பி வரும். மத்தியானம் அப்பத்தா வைத்த கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணத்தில் முன்கட்டுக்குப் போகும். ராத்திரி பேத்தி ஒருத்தி தலையணையோடு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அப்பத்தா ரெண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் முன்கட்டிலிருந்து "என்னம்மா?" என்று பெரியப்பா குரல் கேட்கும். எழுந்து வரமாட்டார், குரல் மட்டும் வரும். அது போதுமானதாகவும் இருந்தது.

கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் என்று அர்த்தம். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். பெரிய அளவில் நடக்கும் மற்ற ஆய்வுகளும் ஏறக்குறைய இந்த வரையறையைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே, "தனியாக வாழும் முதியோர்" என்ற தலைப்பில் வரும் எண்ணிக்கையில், பிள்ளைகள் எல்லாம் அமெரிக்கா போய்விட, அண்ணா நகர் ஃபிளாட்டில் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியும் உண்டு, எங்கள் அப்பத்தாவும் உண்டு. முதுமையில் யாரோடு இருந்தால் சந்தோஷம் என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் மற்றதெல்லாம் கோணலாகத்தான் போகும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி அவசரமானது. 2011-ல் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல், மக்கள்தொகையில் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் அப்போதே 10.4 சதவீதம். 2036 வாக்கில் இங்கே ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவராக இருப்பார் என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. குழந்தைப்பேறு விகிதமோ ஒரு பெண்ணுக்கு 1.8 என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்பத்தாவுக்கு ஆறு பிள்ளைகள், என் வயதுக்காரர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு. அந்த ஒன்றும் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும்.

2011-ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் முன்னின்று ஏழு மாநிலங்களில் ஒரு முதியோர் ஆய்வு நடத்தியது. இமாச்சலம், பஞ்சாப், மேற்கு வங்கம், ஒடிசா, மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு. ஏழில் தனியாக வாழும் முதியோர் விகிதம் அதிகமாக இருந்தது தமிழ்நாட்டில்தான், அதிலும் பெண்கள்தான் அதிகம். இதைப் படித்ததும் "தமிழன் பெத்தவளைத் தெருவில் விட்டுவிட்டான்" என்று பேசக் கிளம்புகிறவர்கள் உண்டு. விட்டவனும் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் எத்தனை சாய்ப்பு, எத்தனை பின்கட்டு, எத்தனை தனி உலை இருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது. இன்னொரு கணக்கும் இதில் உண்டு. முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கானது. பிள்ளை வீட்டு ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் வி.ஏ.ஓ. இழுத்தடிப்பார். தனி கார்டு இருந்தால் மனு நகரும். அடுப்பைப் பிரிப்பதில் காகித லாபமும் இருக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சரி, தனியாக இருப்பவர்கள் சந்தோஷமாக இல்லையா? ஆய்வுகளின் பொதுவான பதில்: சராசரியாகப் பார்த்தால் சந்தோஷம் குறைவுதான். 2017-18-ல் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஹார்வர்டு, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைச் சந்தித்தன. உடல்நிலை, வருமானம், தூக்கம், மனச்சோர்வின் அறிகுறிகள், வாழ்க்கையில் திருப்தி என்று நீண்ட கேள்விப் பட்டியல். அந்தத் தரவை வைத்து வந்த கட்டுரைகள் பலவும் தனித்திருப்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதல், திருப்தி குறைவு என்றே சொல்கின்றன. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் இருந்த குழு தமிழக அரசோடு சேர்ந்து இங்கே செய்த ஆய்வுகளிலும், தனியாக வாழும் வயதானவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்பதே தெரிந்தது.

ஆனால் இதிலிருந்து "பிள்ளையோடு போய் இருந்துவிட்டால் சரியாகிவிடும்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. தனியாக இருப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கணவனை இழந்தவர், நிலம் நீச்சு இல்லாதவர், பிள்ளை இல்லாதவர் அல்லது பிள்ளையோடு முறைத்துக்கொண்டவர். அவருடைய துயரத்தில் எவ்வளவு தனிமையால் வந்தது, எவ்வளவு வறுமையால் வந்தது? மறுபக்கத்திலும் சிக்கல் உண்டு. கை கால் திடமாக இருக்கும்வரை சொந்த வீட்டிலேயே இருந்துவிட்டு, இடுப்பெலும்பு முறிந்த பிறகு மகன் வீட்டுக்குப் போகிறார் ஒருவர். அவரிடம் போய் "சந்தோஷமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? அந்தப் பதில் "பிள்ளையோடு வாழ்பவர்" என்ற கட்டத்தில் விழும். வீடு மனநிலையை மாற்றுகிறது என்பது எவ்வளவு உண்மையோ, உடம்பும் பணமும் வீட்டை மாற்றுகின்றன என்பதும் அவ்வளவு உண்மை. ஒரே ஒரு முறை கேள்வி கேட்டுவிட்டுப் போகும் ஆய்வில் இந்த இரண்டையும் பிரித்தெடுப்பது கஷ்டம். அதே ஆட்களைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் சந்திக்கிற தொடர் ஆய்வுகளுக்கு மதிப்பு அதனால்தான்.

பிள்ளை விவகாரத்தில் குழப்பம் இருந்தாலும் ஒரு விஷயத்தில் குழப்பம் குறைவு. துணை உயிரோடு இருப்பவர்களுக்கும் இழந்தவர்களுக்கும் உள்ள இடைவெளி, பிள்ளையோடு இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள இடைவெளியைவிட நாட்டுக்கு நாடு நிலையாகத் தெரிகிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். ஆண்களில் அந்தப் பங்கு மிகக் குறைவு, பெண்ணைவிட வயது கூடியவனாகப் பார்த்துக் கட்டிவைத்ததும் அதற்கு ஒரு காரணம். மனைவியை முன்னால் அனுப்பிவிட்ட கிழவரின் நிலைமை தனிக் கதை. காப்பி போடத் தெரியாது, மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது, மருமகளிடம் நேரடியாகப் பேசிப் பழக்கமில்லை. அவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் போய்விட்டாள். அதே வீட்டில், அதே கட்டிலில்தான் இருப்பார். "யாரோடு வசிக்கிறார்" என்ற கேள்விக்கு "மகன் குடும்பத்தோடு" என்று எழுதுவார்கள்.

பெண்ணுக்குச் சிக்கல் வேறு இடத்தில், அடுப்படியில். நாற்பது வருஷம் உப்பும் புளியும் அவள் கையளவில் போன வீடு. மருமகள் வந்த பிறகு ஒரு நாள் குழம்பில் உப்பு சரியில்லை என்று சொல்கிறாள், அன்றைக்கு முகங்கள் மாறுகின்றன. அடுத்த முறை சொல்வதில்லை. பசிக்கிற நேரம் அவளுக்கு ஆறரை மணி, வீட்டில் சாப்பாடு ஒன்பதரைக்கு. மகளுக்கு ஐநூறு ரூபாய் கொடுக்கவேண்டும், யாரிடம் கேட்பது? இதெல்லாம் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோகிற அளவு பெரிய விஷயங்கள் கிடையாது, ஆனால் ஒரு நாளைக்கு நாலு முறை நடப்பவை. தனி உலை வைக்கும் கிழவிகளிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் மருமகளைக் குறை சொல்ல மாட்டார்கள். "எனக்கு வேணுங்கிறப்ப ஒரு வாய் கஞ்சி காய்ச்சிக் குடிச்சுக்கிருவேன்" என்பார்கள். அந்த "வேணுங்கிறப்ப" என்ற சொல்லைத்தான் ஆய்வாளர்கள் தன்னாட்சி, தேர்வுரிமை என்று பலவிதமாக எழுதுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது முறை வைத்துச் சோறு போடுவது. மூன்று மகன்கள் இருந்தால் மாதத்துக்கு ஒரு வீடு. நல்லெண்ணத்தோடு பெரியவர்கள் பேசி முடிக்கும் ஏற்பாடுதான். ஆனால் மாதத்தில் 31-ஆம் தேதி வந்தால் அந்த ஒரு நாள் சோறு யார் கணக்கு என்று திண்ணையில் பேச்சு எழும். நானே கேட்டிருக்கிறேன். கேலியாகச் சொல்வதுபோல்தான் சொன்னார்கள், ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆய்வுக் கணக்கில் அவர் வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடு வாழ்கிறவர், தனிமையின் நிழல்கூடப் படாதவர். என்னைக் கேட்டால், முதுமையில் மனிதனைச் சிறுமைப்படுத்தும் ஏற்பாடுகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். ஒரு துணிப்பை, ஒரு கண்ணாடிக் கூடு, மாத்திரைச் சீட்டு, இவ்வளவுதான் அவருக்குச் சொந்தமான இடம். வீடு என்ற ஒன்று இல்லாமல் போய், வீடுகள் மட்டும் மிஞ்சுகின்றன.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். பத்திரம் தன் பெயரில் இருக்கும் தாயும், எழுதிக் கொடுத்துவிட்ட தாயும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் ஒரே நிலையில் இல்லை. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்பதைத் தீர்ப்பாயத்தில் நிரூபிக்கவேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியோரைக் காக்க வந்த சட்டம் என்பதை மனதில் வைத்து இதைத் தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டும் என்றது. அனுபவமுள்ள பத்திர எழுத்தர்கள் செட்டில்மெண்ட் எழுதும்போதே "என் ஆயுள்வரை நானே அனுபவித்து" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். "பெத்த பிள்ளைகிட்ட எதுக்கு இதெல்லாம்" என்று கூச்சப்பட்டு அந்த வரியை எடுக்கச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அவர் மகனோடு இல்லை.

இந்தக் கூப்பிடு தூர வாழ்க்கை நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. 1960-களில் வியன்னாவில் முதியோரை ஆய்வு செய்த லியோபோல்ட் ரோசன்மயர் என்ற சமூகவியலாளர், கிழவர்கள் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு இருக்கவும் விரும்பவில்லை, விலகிப் போகவும் விரும்பவில்லை, பக்கத்தில் தனியாக இருக்க விரும்புகிறார்கள் என்று எழுதினார். "தூரத்தில் இருந்தபடி நெருக்கம்" என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஜப்பானியர்கள் இன்னும் அழகாக, "சூப் ஆறாத தூரம்" என்கிறார்கள். மகள் வீட்டில் காய்ச்சிய சூப்பைத் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது சூடு இருக்கவேண்டும், அந்த அளவு தூரம். அளவுகோல் அங்கேயும் அடுப்பிலிருந்துதான் வருகிறது.

சிங்கப்பூர் அரசு இதை மீட்டரில் அளந்து பணமாகவே கொடுக்கிறது. 2015-ல் கொண்டுவந்த திட்டம் அது. பெற்றோரோடு சேர்ந்து வாழ மறுவிற்பனை அடுக்குமாடி வீடு வாங்கும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளி, பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி என்று 2018-ல் திருத்தினார்கள். ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் அடுத்தடுத்த பிளாக்குகளில் பெற்றோரும் பிள்ளைகளும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மின்தூக்கியில் இறங்கி, நடைபாதையில் நடந்து, எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துவிட்டு வரலாம். ஒரே வீட்டில் இருந்தாகவேண்டும் என்று வற்புறுத்தாமல், பக்கத்தில் இருப்பதற்கும் அரசு காசு தருகிறது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது.

வட ஐரோப்பா இன்னொரு புதிர். ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் தனியாக வாழும் முதியோர் மிக அதிகம். தெற்கிலும் கிழக்கிலும் உள்ள ஐரோப்பிய நாடுகளில் பிள்ளைகளோடு வாழ்வது அதிகம். ஆனால் "தனிமையாக உணர்கிறீர்களா?" என்று கேட்டால் வடக்கில் ஆமாம் என்பவர்கள் குறைவு, தெற்கிலும் கிழக்கிலும் கூடுதல். நல்ல பென்ஷன், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும் நகராட்சி ஊழியர், உடல்நிலை என்று காரணங்கள் பல. இன்னொரு காரணம் எதிர்பார்ப்பு. டேனியல் பெர்ல்மன், லெட்டீஷியா பெப்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-ல் தனிமையை இப்படி வரையறுத்தார்கள்: ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்குக் கிடைத்திருக்கும் உறவுக்கும் இடையே உள்ள பள்ளம். மகன் வந்து பார்த்துக்கொள்வான் என்று எந்தக் காலத்திலும் எதிர்பார்க்காத டென்மார்க் கிழவிக்கு அவன் கிறிஸ்துமஸுக்கு வந்தால் சந்தோஷம். கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும் என்று கேட்டே வளர்ந்த நம் ஊர்க் கிழவிக்கு, மகன் வாரம் ஒரு வீடியோ கால் செய்தாலும் பள்ளம் ஆழமாகத்தான் இருக்கும். தெரு முழுக்கப் பிள்ளைகளோடு இருக்க, நான் மட்டும் தனியாக என்ற அவமானம் சேரும்போது அது இன்னும் ஆழமாகும்.

பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்கே போய்விடும் பெற்றோரும் உண்டு. டொராண்டோவில் பேரப்பிள்ளை பார்க்கப் போன யாழ்ப்பாணத்து அம்மம்மாக்களிடம் கேட்டால் தெரியும், ஜனவரி மாதத்தில் வாசலைத் தாண்ட முடியாது, பஸ் நம்பர் தெரியாது, பகல் முழுக்க வீட்டில் ஆள் கிடையாது. சேர்ந்துதான் வாழ்கிறார்கள்.

வசதி உள்ளவர்களுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் புது வழி திறந்திருக்கிறது. ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. தனித்தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக் கூடம், குளியலறையில் கைப்பிடி, கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி. அங்கே போய்ப் பார்த்தபோது எனக்குப் பட்டது, மணியைவிட முக்கியமானது சாப்பாட்டுக் கூடம். எட்டு மணிக்கு இட்லி என்றால் எட்டு மணிக்கு ஒரு ஆள் வரவில்லை என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடுகிறது. "முதியோர் இல்லம்" என்று சொன்னால் மட்டும் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. அந்தச் சொல்லுக்குள் பிள்ளை கைவிட்ட கதை இருக்கிறது. தாங்களே விலை பேசி வாங்கிய வீட்டுக்கு அந்தக் கதை பொருந்தாது என்கிறார்கள், நியாயம்தான்.

அந்தப் பணம் இல்லாதவர்கள்தான் ஊரில் முக்கால்வாசி. அவர்களுக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை. 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து உயர்த்தினார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை. இந்த 1,200-ஐக் கேலி செய்வது சுலபம். ஆனால் மளிகைக் கடையில் கடன் சொல்லாமல் அரைக்கிலோ பருப்பு வாங்குவதும், பேத்தி கையில் இருபது ரூபாய் திணிப்பதும் அந்தப் பணத்தில்தான். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதற்கு முன்னால் அதே ஆண்டு மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது. இவை எதையும் முதியோர் மகிழ்ச்சித் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட்டுக்கு மகனிடம் காசு கேட்காமல் உசிலம்பட்டிச் சந்தைக்கோ தங்கச்சி வீட்டுக்கோ போய்வர முடிந்த கிழவிக்கு, அவள் எந்த வீட்டில் படுக்கிறாள் என்பது கொஞ்சம் முக்கியத்துவம் இழக்கிறது. மாநகராட்சிப் பகுதிகளில் 25 அன்புச்சோலை மையங்கள் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்ததும் இந்தத் திசையில்தான் போகிறது. பகலில் போய்ப் பேசிச் சாப்பிட்டு, சாயந்தரம் சொந்த வீட்டுக்குத் திரும்பலாம். நாள் போகப் போக அங்கே கூட்டம் இருக்குமா என்பது கேரம் போர்டைப் பொறுத்ததில்லை. அழைத்துப் போய்வர வண்டி உண்டா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அப்பத்தா கடைசி ஒன்றரை வருஷம் முன்கட்டில்தான் இருந்தாள். சாய்ப்பில் ஒரு தடவை வழுக்கி விழுந்த பிறகு பெரியம்மா வந்து, "போதும் அத்தே, எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கிப் போனார். குழம்புக்கு உப்பு பார்க்கச் சொல்லி ஒரு கரண்டி அவள் கையில் ஊற்றிய பிறகுதான் பெரியம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவார். அது யார் யோசனை என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. ரேஷன் கார்டில் மட்டும் கடைசிவரை அவள் ஒரு நபர் குடும்பம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். வாத்தியார் வேறு ஆளாக இருப்பார், கையில் செல்போன் இருக்கும். சாய்ப்பில் இப்போது பெரியம்மா தனி அடுப்பு வைத்திருக்கிறார்.